செத்தவர் கோப்பி கேட்டார்: கதை ஏற்றும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் தமிழ்ச் சிறுகதைகளைக் கேட்டு வாங்கி இணையத்தில் ஏற்றும் குழுக்களுக்கும், போட்டிக் கதைகளை வெளியிடும் அமைப்புகளுக்கும்,

வணக்கம்.

சென்ற ஆண்டு என் கதை ஒன்று இணையத்தில் வந்தது. எங்கே என்பது வேண்டாம். ஏற்றியவர்கள் நல்ல பிள்ளைகள், பகல் வேலையை முடித்துவிட்டு ராத்திரியில் உட்கார்ந்து சம்பளமில்லாமல் செய்கிறவர்கள். கதையில் ஓர் அப்பா வருகிறார். விடியற்காலை, மருத்துவமனைக் கட்டில், மகளின் கையைப் பிடித்தபடியே கண்ணை மூடுகிறார். காட்சி அங்கே முடிகிறது. நான் இரண்டு வரி இடம் விட்டேன். அடுத்த காட்சி பத்து ஆண்டு கழித்து ஈசூனில் ஒரு கோப்பிக்கடையில் தொடங்குகிறது. அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர் மகளுக்கு எதிரே உட்கார்ந்து கடைக்காரரைக் கூப்பிடுகிறார்.

ஏற்றும்போது அந்த இரண்டு வரி இடம் காணாமல் போய்விட்டது. வாசகர்கள் படித்தது இதைத்தான்:

“அவர் கண்கள் மூடின. கை மெல்லத் தளர்ந்தது. ‘ஒரு கோப்பி ஓ கோசோங்’ என்றார்.”

மறுநாள் காலையில் அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டார். “கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா செத்தவரு எப்படிம்மா கோப்பி கேட்டாரு?” என்றார். கோசோங் என்று சீனிகூட வேண்டாம் என்றாரே, நீரிழிவாக இருக்குமோ என்று அண்ணன் பின்னாலிருந்து சேர்த்துக்கொண்டார். அதைவிட வேடிக்கை, முன்பின் தெரியாத ஒருவர் அதை மாய யதார்த்தம் என்று பாராட்டி நான்கு வரி எழுதியிருந்தார். அவருக்கு நான் பதில் போடவில்லை.

இருபது ஆண்டு ஓர் அச்சகத்தில் பக்கம் அமைத்தவள் நான். அதனால் இதைச் சிரித்துவிட்டு விட முடியவில்லை. எழுத்துப்பிழையைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். ஒற்று மிகுமா மிகாதா என்று தேக்காவில் இடியாப்பம் தின்றபடி ஒரு மணிநேரம் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வரிக்கு நடுவில் விட்ட வெற்றிடமும் கதைதான் என்று சொன்னால் பலருக்கு அது ஏதோ அலங்கார விஷயமாகத் தோன்றுகிறது. என் கதையில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. இருந்தும் செத்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த இடம் ஏன் காணாமல் போகிறது என்றால், இணையப் பக்கத்தை எழுதும் மொழி தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் நடந்துகொள்கிறது. நீங்கள் பத்து முறை இடைவெளி விசையைத் தட்டினாலும் திரையில் ஒன்றைத்தான் காட்டும். என்டர் விசையை நான்கு முறை தட்டி நகர்த்தி வைத்ததையும் அது இடம் என்று எடுத்துக்கொள்ளாது. “இது பத்தி”, “இது வரி முறிவு” என்று அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வேர்டு கோப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டும்போது சில மென்பொருள்கள் அந்தக் குறிப்பைச் சரியாகக் கொண்டுவரும், சில வெற்றுப் பத்திகளை “குப்பை” என்று தானாகவே துடைத்துவிடும். மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்குச் சாவும் தெரியாது, கோப்பியும் தெரியாது.

இங்கே என் பக்கத்துத் தவற்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நியாயமாக இருக்காது. காட்சி மாறுவதை வெறும் இடத்தால் மட்டும் காட்டியது என் சோம்பேறித்தனம். நடுவில் மூன்று நட்சத்திரக் குறி போட்டிருந்தால் எந்த மென்பொருளும் அதை விழுங்கியிருக்காது. மிஞ்சிப்போனால் ஒரு கோடாக மாற்றியிருக்கும், கோடு இருந்தாலும் போதும். எழுதுகிறவர்களில் பாதிப்பேர் இன்னும் கணினியைத் தட்டச்சுப் பொறிபோலத்தான் நடத்துகிறோம். வரி முடிந்தால் என்டர், பத்தி தொடங்கினால் ஐந்து இடைவெளி. அப்படி ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டிய கதையைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறீர்களா? ஒரு வரி நீளம், அடுத்த வரியில் ஒரே ஒரு சொல், மறுபடி நீளம், மறுபடி ஒரு சொல். புதுக்கவிதை என்று நினைத்துக்கொள்ளலாம். அது உங்கள் பிழையன்று, எங்களுடையது. ஆனால் ஏற்றுமுன் அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் நீங்கள்தான்.

பாட்டுக்கு நேர்வது இதற்கு நேரெதிர். கதைக்குள் நாலு வரித் தாலாட்டு வரும், அது ஒரே வரியாகச் சுருண்டுவிடும். பாட்டிக்கு மூச்சு வாங்கும். பாட்டு வரும் இடங்களில் என்டரை மட்டும் தட்டினால் பெரும்பாலான மென்பொருளில் அது புதுப் பத்தியாகி வரிக்கு வரி பெரிய இடைவெளி விழும். ஷிப்டையும் சேர்த்துத் தட்டினால் அதே பத்திக்குள் வரி மட்டும் உடையும். இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே எத்தனையோ பாட்டிகள் நிம்மதியாகத் தாலாட்டுவார்கள்.

எழுத்துரு விஷயத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருங்குறி, அதாவது எந்தக் கணினியிலும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே எண் என்ற யுனிகோட் முறை, வருமுன் தமிழில் ஆளுக்கொரு எழுத்துரு இருந்தது. ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் எழுத்துகளைப் படமாக உட்கார வைத்திருந்தார்கள். அப்படி ஓர் எழுத்துருவான பாமினியில் “அம்மா” என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். கணினிக்குள் உண்மையில் உட்கார்ந்திருப்பது சின்ன எழுத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருவை எடுத்துவிட்டால் அம்மா போய்விடுவாள், அரைப்புள்ளிதான் மிஞ்சும். ஒருங்குறியின் முதல் பதிப்பு 1991இல் வந்தபோதே தமிழுக்கு அதில் தனி இடம் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் பழைய எழுத்துருவில் பழகிய கை சுலபத்தில் மாறுவதில்லை. எழுபது வயது எழுத்தாளர் ஒருவர் இன்றைக்கும் பாமினியில்தான் அடிப்பார் என்றால் அவரை மாறச் சொல்ல எனக்கு மனம் வராது. அவருடைய வேகம் அதில் இருக்கிறது.

மாற்றி மென்பொருளைப் போட்டுப் பாமினியை ஒருங்குறியாக்கும் நேரத்தில்தான் கவனம் வேண்டும். மாற்றிக்கு எது தமிழ், எது ஆங்கிலம் என்று தெரியாது. கதைக்கு நடுவில் எம்ஆர்டி (நம் ஊர் ரயில்) என்று மூன்று பெரிய ஆங்கில எழுத்துகளைப் போட்டிருந்தால் அவற்றையும் பாமினியாக நினைத்து மாற்றிவிடும். பெரிய எம் என்றால் ஆ, பெரிய ஆர் என்றால் சு, பெரிய டி என்றால் வு. ஆக, “அவள் ஆசுவுவில் ஏறினாள்.” இதை நான் கண்ணால் பார்த்தேன். ஆசுவு என்பது ஏதோ பழைய வட்டார வழக்கு என்று நினைத்து வாசகர் ஒருவர் பொருள் கேட்டிருந்தார். அதே பாமினியில் காற்புள்ளி விசையில் உட்கார்ந்திருப்பது இகரம். கதைக்குள் ஓர் ஆங்கில வாக்கியம் இருந்தால் அதன் காற்புள்ளிகள் எல்லாம் இ இ இ என்று அழும். மாற்றுவதற்கு முன் ஆங்கிலச் சொற்களை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மாற்றிய பிறகு திரும்பச் சேர்த்தால் தொல்லை தீர்ந்தது. பத்து நிமிட வேலை.

பிடிஎஃப் இன்னொரு வம்பு. தயவுசெய்து பிடிஎஃப் கோப்பிலிருந்து கதையை நகலெடுத்து ஒட்டாதீர்கள். பழைய முறையில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். கோப்பியின் “கோ”வில் முதலில் இரட்டைக்கொம்பு, பிறகு க, கடைசியில் கால். ஒருங்குறியில் முதலில் க, அதற்குப் பிறகுதான் ஓகாரக் குறி. இரண்டு வரிசையும் மோதும்போது “ேகாப்பி” என்று கொம்பு தனியே வெளியே நிற்கும், பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் பல்லிளிக்கும். ஒரு கதையில் இருநூறு இடத்தில் இப்படி வந்தால் கையால் திருத்த நினைக்காதீர்கள். எழுதியவரிடம் மூலக்கோப்பைக் கேளுங்கள். கொடுப்பார். கதை வெளிவர வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு அவ்வளவு இருக்கிறது.

கண்ணுக்கே தெரியாத கோளாறு ஒன்றும் உண்டு. “கோ”வைக் கணினிக்குள் இரண்டு விதமாக வைக்கலாம். க என்ற எழுத்தோடு ஓகாரக் குறியை ஒன்றாகச் சேர்ப்பது ஒரு விதம். க, இரட்டைக்கொம்பு, கால் என்று மூன்று துண்டாக வைப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தேடும்போதுதான் தெரியும், ஒன்றைத் தட்டினால் மற்றது சில இடங்களில் சிக்காது. என் கதையைத் தலைப்பை வைத்துத் தேடி அது கிடைக்காமல் போனது இதனால்தான் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. ஔவையை ஒகரமும் ளகரமும் சேர்த்து ஒள என்று அடிப்பவர்களின் கதையும் இதேதான். அவர்கள் எழுதும் ஔவையார் எந்தத் தேடலிலும் அகப்படமாட்டார்.

இதையெல்லாம் சிங்கப்பூரில் உட்கார்ந்து எழுத வேண்டியிருப்பதில் எனக்கு ஒரு தனி வருத்தம் உண்டு. தமிழை இணையத்தில் ஏற்றிய தொடக்கக் காலத்தில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு இருந்தது. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இணையத்தில் ஏற்றியபோது தமிழும் கூடவே ஏறியது. அதற்குப் பின்னால் இருந்தவர்கள் நா. கோவிந்தசாமியும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும். தமிழ் இணைய மாநாடு 1997இல் இங்கேதான் நடந்தது. உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் 2000ஆம் ஆண்டு இங்கே நடந்த மாநாட்டில் உருவானது. நா. கோவிந்தசாமி 1999இல் மறைந்துவிட்டார். அவர் ஒரு சிறுகதை எழுத்தாளர் என்பதை இன்றைய இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? திரையில் தமிழ் தெரிய வேண்டும் என்று இந்த ஊரில் ராப்பகலாகப் பாடுபட்டவர் கதை எழுதுகிறவர்தான். அவருடைய ஊரில் கதைகள் கொம்பு பிரிந்து நிற்கின்றன.

சரி, புலம்பல் போதும். எண்ணிக்கைக்கு வருகிறேன்.

“பத்தாயிரம் எழுத்துக்கு மிகாமல்” என்று நீங்கள் படிவத்தில் போடுகிறீர்கள். யாருடைய எழுத்து? “சிங்கப்பூர்” என்பதில் நமக்கு ஆறு எழுத்து: சி, ங், க, ப், பூ, ர். கணினிக்கு அது பதினொன்று, ஏனென்றால் கொக்கியையும் புள்ளியையும் ஊகாரக் குறியையும் அது தனித்தனியே எண்ணும். பைட் கணக்கில், அதாவது கணினியின் சேமிப்பு அலகில், எண்ணும் படிவமாக இருந்தால் முப்பத்துமூன்று. ஒரே ஊருக்கு மூன்று மக்கள்தொகை. என் தோழி ஒருத்தி விரல்விட்டு எண்ணாத குறையாகக் கணக்குப் பார்த்து அனுப்பிய கதையைப் படிவம் சத்தமில்லாமல் நறுக்கிவிட்டது. கடைசி வாக்கியம் “அவள் திரும்பிப் பார்க்காமலே நடந்தாள்.” இணையத்தில் வந்தது “அவள் திரும்பிப் பார்க்க”. பார்த்தாளா, பார்க்கவில்லையா? அதுதானே கதையே! மூன்று மாதம் அப்படியே கிடந்தது. கீழே வந்த கருத்துகளில் “முடிவை வாசகரிடமே விட்ட அழகு” என்று ஒருவர் உருகியிருந்தார். தோழி அதைத் திருத்தச் சொல்லிக் கேட்கவே இல்லை. திருத்தினால் பாராட்டு போய்விடுமோ என்று அவளுக்குச் சந்தேகம்.

வரம்பு வேண்டும் என்றால் சொல் கணக்கில் வையுங்கள். வரம்பு தாண்டினால் படிவம் வாயைத் திறந்து சொல்லட்டும். நறுக்குவதாக இருந்தால் கத்தியைக் காட்டிவிட்டு நறுக்கட்டும்.

பக்கத்தின் தோற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதற்கென்று வடிவமைப்பாளர் வைத்திருப்பீர்கள். ஆங்கிலத்துக்குப் போட்ட வரி இடைவெளியில் தமிழை வைத்தால் மேல்வரியின் “கூ” கீழ்வரியின் “கீ”யோடு முட்டும். இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். இரண்டு ஓரமும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று கைப்பேசியில் நேர்செய்யாதீர்கள். “பேசிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்” என்ற ஒரே சொல் ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளும் மொழி இது. மிச்ச வரியில் சொற்களுக்கு நடுவில் லாரி போகலாம். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும். சாய்வெழுத்து தமிழுக்குப் பொருந்தாது என்பது என் சொந்தக் கருத்து. சாய்த்தால் புள்ளி அடுத்த எழுத்தின் தலைமேல் போய் நிற்பதுபோல் இருக்கிறது. கனவுக் காட்சிக்கெல்லாம் சாய்வு கேட்கும் எழுத்தாளர்கள் என்னை மன்னிக்கட்டும்.

ஆனால் கதையைப் படமாக்கிப் போடுவதை மட்டும் கருத்து என்று விட முடியாது. எழுத்துச் சிக்கலே வேண்டாம் என்று சிலர் முழுக் கதையையும் நான்கு படமாக்கி ஏற்றிவிடுகிறார்கள். பின்னணியில் ஆர்க்கிட் பூ வேறு. கொம்பு பிரியாது, இடம் மறையாது, எல்லாம் உண்மைதான். ஆனால் அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். என் அண்ணி ஒவ்வொரு வரிக்கும் படத்தை இடமும் வலமுமாக இழுத்து இழுத்துப் படிக்கிறார், மரம் அறுப்பதுபோல. கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் படத்தைப் பார்த்தால் “படம்” என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கதை எழுதியவருக்கு ஒரு வாசகர் குறைந்தார், அந்த வாசகருக்கு ஒரு கதை போயிற்று.

இவ்வளவும் சொன்னதால் ஏதோ பெரிய பட்டியல் நீட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் கேட்பது ஒன்றே ஒன்று. மெய்ப்பு, அதாவது வெளியிடுமுன் எழுதியவரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்ப்பது.

அச்சகத்தில் நாங்கள் எவ்வளவு அவசரமாக இருந்தாலும் எழுதியவரின் கையெழுத்து இல்லாமல் பக்கம் இயந்திரத்துக்குப் போகாது. தாளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே பேருந்தில் போயிருக்கிறேன். ஒருமுறை எழுத்தாளர் இரவு வேலையில் இருந்தார், ஜூரோங்கில் தொழிற்சாலை வாசலில் காவலாளியின் மேசையில் வைத்துக் கையெழுத்து வாங்கினேன். அவர் அங்கேயே நின்று மூன்று பக்கம் படித்தார். ஒரு காற்புள்ளியை எடுத்தார், காட்சி மாறும் இடத்தில் “இங்கே இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கம்மா” என்று விரலால் அளந்து காட்டினார். விட்டேன். இணையம் வந்ததும் அந்த வழக்கம் எப்படியோ நின்றுபோயிற்று. எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம் என்ற தைரியம் வந்துவிட்டது, அதனால் யாரும் பார்ப்பதில்லை. எனக்குக் கதை வெளிவந்த செய்தியே அண்ணி கூப்பிட்ட பிறகுதான் தெரியும்.

இன்றைக்கு மெய்ப்புக் காட்டப் பேருந்து ஏற வேண்டாம். முன்பார்வைச் சுட்டி ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். ஒருநாள் அவகாசம் கொடுங்கள். எழுதியவர் கைப்பேசியில் திறந்து பார்க்கட்டும், ஏனென்றால் வாசகர்களும் அதில்தான் பார்க்கப்போகிறார்கள். ஈசூனில் ஏறி தோபி காட் வருவதற்குள் ஒரு கதையைப் படித்து முடித்துவிடுகிறவர்கள் மடிக்கணினியை எங்கே விரிக்கப்போகிறார்கள்? உங்கள் பக்கத்திலும் ஒருவர் மேசைத் திரையை மூடிவைத்துவிட்டுக் கைப்பேசியில் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்துவிடுங்கள். பிழை பார்க்க வேண்டாம், கதையாகப் படித்தால் போதும். செத்தவர் கோப்பி கேட்டால் யாருக்கும் தட்டும்.

ஒட்டும்போது கன்ட்ரோல், ஷிப்ட், வி மூன்றையும் சேர்த்துத் தட்டி வெறும் எழுத்தாக ஒட்டிப் பழகினால் வேர்டு கோப்பு கூட்டிவரும் நிறமும் அளவும் எழுத்துருப் பெயரும் வெளியிலேயே நின்றுவிடும். தடித்த எழுத்தும் போய்விடும், அதைப் பிறகு கையால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இதுகூட இரண்டாம்பட்சம். மெய்ப்பு ஒன்று இருந்தால் மற்றது தானாக வெளியே வரும்.

வரும் மாதத்துக்காக நீங்கள் கேட்ட கதையை இந்த மடலோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன். ஒருங்குறிதான், வேர்டு கோப்புதான், பிடிஎஃப் இல்லை. மொத்தம் நாற்பத்தொரு பத்தி. காட்சி மூன்று இடத்தில் மாறுகிறது, மூன்றிலும் நட்சத்திரக் குறி வைத்திருக்கிறேன். ஒன்பதாம் பத்திக்குப் பிறகு வரும் நாலு வரிப் பாட்டு நாலு வரியாகவே இருக்க வேண்டும். எம்ஆர்டியைத் தமிழிலேயே எழுதிவிட்டேன். இம்முறை கதையில் யாரும் சாகவில்லை, ஆனாலும் கோப்பி இருக்கிறது. ஏற்றுமுன் சுட்டியை அனுப்புங்கள். இரவு பத்து மணி வரை விழித்திருப்பேன்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து, முன்னாள் பக்க அமைப்பாளர் ஒருத்தி